பேட்டரியே இல்லாத லேபிள், ஒளி பட்டால் மட்டும் எப்படித் தன் அடையாள எண்ணைச் சொல்கிறது?

அமெரிக்காவின் ஃபார்மாசீக் நிறுவனம் உருவாக்கிய பி-சிப் என்ற குட்டி அடையாளச் சிப்பை எடுத்துக்கொள்வோம். பக்கத்துக்கு அரை மில்லிமீட்டர்தான். எறும்பின் முதுகில்கூட ஒட்டலாம். அதைப் படிக்கும் கருவியான ரீடரின் லேசர் பட்டதும் சிப்பிலுள்ள ஒளிமின்கலங்கள் மின்சாரம் தருகின்றன. அந்த லேசர் விட்டுவிட்டு மின்னுவதால், சிப் ஒரே தாளத்தில் இயங்க வேண்டிய கடிகாரத் துடிப்பும் அதிலிருந்தே கிடைத்துவிடுகிறது. உடனே சிப் தன் நினைவகத்தில் உள்ள எண்ணைக் குட்டி ஆன்டெனா வழியே ரேடியோ சிக்னலாக அனுப்பும். ரீடரில் உள்ள சுருள் அதைப் பிடித்துக்கொள்ளும்.

ஏன் ஒளி? ரேடியோ அலையால் படிக்கப்படும் வழக்கமான ஆர்எஃப்ஐடி டேக்கில் மின்சாரத்தையும் ஆன்டெனாதான் வாங்க வேண்டும். அதனால் அது பெரிதாகிவிடும். இங்கே அந்தச் சுமை இல்லை. எனக்கு மிகவும் பிடித்த அம்சம் இதுதான்.

ஆனால் ரீடரை மிக அருகில் கொண்டுபோக வேண்டும். ஒளி புகாத பெட்டிக்குள் இருப்பதைப் படிக்க முடியாது. ஆய்வகக் குழாய்கள், சுண்டெலிகள் ஆகியவற்றுக்கு அருமையாகப் பொருந்தும். கிடங்கில் மூட்டை எண்ண ஆர்எஃப்ஐடியே போதும்.