உடல் பரிசோதனை குறித்த செவிலியர்களின் மனப்பாங்கை எப்படி அளப்பது?

புதுச்சேரியில் எம்.எஸ்சி. நர்சிங் படிக்கும் நீங்கள், வார்டு செவிலியர்கள் உடல் பரிசோதனையை எப்படிப் பார்க்கிறார்கள் என்று அளக்கக் கேள்வித்தாள் தயாரிப்பது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள்.

1932-இல் அமெரிக்க உளவியலாளர் ரென்சிஸ் லிக்கர்ட் கொண்டுவந்த அளவுகோலே இதற்குப் போதும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் 'முற்றிலும் உடன்படுகிறேன்' முதல் 'முற்றிலும் மறுக்கிறேன்' வரை 5 பதில்கள், அவற்றுக்கு 5 முதல் 1 வரை மதிப்பெண். மதிப்பெண்களைக் கூட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

சிக்கலெல்லாம் வாக்கியங்களில் இருக்கிறது. "உடல் பரிசோதனை முக்கியம்" என்று எழுதினால் யார் மறுக்கப்போகிறார்கள்? "மூச்சுத் திணறும் நோயாளியின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்பது என் வேலையும்தான்" என்று எழுதுங்கள், உண்மையான கருத்து வெளியே வரும். "வயிற்றை அழுத்திப் பார்ப்பது டாக்டர் வேலை" போன்ற எதிர்மறை வாக்கியங்களையும் கலந்து வையுங்கள். ஆனால் அவற்றுக்கு மதிப்பெண்ணைத் திருப்பிப் போட வேண்டும். 5 என்பது 1 ஆகும். பலர் இதை மறந்து மொத்தக் கணக்கையும் கெடுத்துக்கொள்கிறார்கள். "நேரமும் இல்லை, பயிற்சியும் இல்லை" என்பதை இரண்டாகப் பிரியுங்கள். நேரமில்லாதவருக்குப் பயிற்சி இருக்கலாம்.

அப்புறம், மனப்பாங்கு வேறு, செய்வது வேறு. 'தினமும் செய்கிறேன்' என்று டிக் அடிப்பதை நம்பாதீர்கள். செய்கிறார்களா என்று தெரிய வேண்டுமானால் வார்டில் நின்று, செக்லிஸ்ட் வைத்துப் பார்க்க வேண்டும்.

நெறிமுறைக் குழு அனுமதி கிடைத்ததும், கடலூரில் இதேபோன்ற ஒரு மருத்துவமனையில் முன்னோட்டம் பாருங்கள். வாக்கியங்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் கிரான்பாக் ஆல்ஃபா என்ற எண் 0.7-க்குக் குறையாமல் இருந்தால் சரி. தாளில் பெயர் கேட்காதீர்கள். மேற்பார்வையாளர் மூலம் தாள்களைத் திரும்ப வாங்கவும் வேண்டாம், மூடிய பெட்டி ஒன்றை வையுங்கள்.