குன்னூர்ப் பாட்டியும் இங்கிலாந்துக் கோர்ட்டும்

தம்பி, உங்கள் மனைவி குழந்தையோடு தனியாகப் போய்விட்டார், குன்னூரில் இருக்கும் உங்கள் அம்மா பேத்தியைப் பார்க்க உரிமை கேட்டு இங்கே கேஸ் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கோத்தகிரிக்காரன், லெஸ்டருக்கு வந்து இருபது வருஷமாகிறது. இங்கேயே இருக்கும் என் தம்பி குடும்பம் பிரிந்தபோது எங்கம்மாவும் இதையேதான் கேட்டார்.

போடலாம், ஆனால் நேராகப் போட முடியாது. இங்கிலாந்து, வேல்ஸ் சட்டத்தில் தாத்தா பாட்டிக்கென்று தனி உரிமை கிடையாது. 1989-ஆம் வருஷத்து சில்ட்ரன் ஆக்ட்படி, பொதுவாக மனு போடுவதற்கே அவர்கள் கோர்ட்டில் அனுமதி வாங்க வேண்டும். பேத்தியோடு எவ்வளவு ஒட்டுதல், இந்தக் கேஸால் குழந்தை அலைக்கழியுமா என்றெல்லாம் பார்ப்பார்கள். செலவும் நம் தலையில்தான். இந்த மாதிரி கேஸுக்கு அரசாங்கச் செலவில் வக்கீல் கிடைப்பது 2013-லிருந்து குதிரைக்கொம்பு.

அப்பாவான உங்களுக்கு இந்த அனுமதி வேண்டாம். அதனால் நீங்கள் மத்தியஸ்தரிடம் போய், குழந்தை உங்களோடு இருக்கும் நாட்களை முதலில் பேசி முடியுங்கள். ஒத்துவராவிட்டால் மனு போடுங்கள். அந்த நாட்களில் பாட்டியோடு வீடியோ காலில் பேச வைப்பதை யார் தடுக்கப் போகிறார்கள்?

ஒன்றே ஒன்று. "ரெண்டு வாரம் ஊருக்குக் கூட்டிட்டு வா" என்று அம்மா அழுதாலும், மனைவியின் சம்மதமோ கோர்ட் உத்தரவோ இல்லாமல் குழந்தையோடு விமானம் ஏறாதீர்கள். 1984-ஆம் வருஷத்துச் சட்டப்படி அது குழந்தைக் கடத்தல், கிரிமினல் குற்றம். குழந்தைகளைத் திருப்பி அனுப்புவதற்கான ஹேக் ஒப்பந்தத்தில் இந்தியா சேரவில்லை. அதனால் குன்னூர் என்றதுமே இங்கத்திய நீதிபதிகள் கூடுதலாக யோசிப்பார்கள்.

எங்கள் வீட்டில் கேஸ் இல்லாமலே முடிந்தது. ஞாயிறு காலை பத்து மணிக்கு இருபது நிமிஷ வீடியோ கால் என்று பேசி வைத்தோம். ஆரம்பத்திலேயே அம்மா, "உங்கம்மா யார்கூடப் பேசறா?" என்று பேரனிடம் துருவினார். அது தம்பி மனைவியின் காதில் விழுந்து, நாலு மாசம் கால் நின்றது. தப்பு எங்கள் பக்கம்தான், நான் போய் மன்னிப்புக் கேட்டேன். அப்புறம் அம்மா வேறு ஆளாகிவிட்டார். நம்ம நீலகிரி பிஸ்கட்டான வர்க்கியை டீயில் முக்கி கேமரா முன்னால் நீட்டுவார், இவன் இங்கே ரொட்டியைப் பாலில் முக்குவான். யாருடையது முதலில் உடைந்து விழுகிறதோ அவருக்குத் தோல்வி. அவனுக்குத் தமிழ் அரைகுறை, அம்மாவுக்கு இங்கிலீஷ் சுத்தமாக வராது. ஆட்டத்துக்கு அது போதும்.

உங்கள் அம்மாவிடம் இதை மட்டும் மறக்காமல் சொல்லுங்கள்: கோடையில் நம் பத்து மணி அங்கே மதியம் இரண்டரை. அக்டோபர் கடைசி ஞாயிறு இங்கே கடிகாரத்தைப் பின்னால் தள்ளியதும் அது மூன்றரையாகிவிடும். முதல் வருஷம் யாரும் சொல்லாமல் விட்டதில், எங்கம்மா ஊறவைத்த வர்க்கியோடு ஒரு மணி நேரம் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.