வண்டி டாக்டர்: 'ஙொய்ங்'னு கத்துற ஆட்டோ கியர் லோரி

கேள்வி: அண்ணே வணக்கம். பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையில காய்கறி ஏத்தி தேக்கா பக்கம் கடைகளுக்குப் போடுறேன். பழைய டீசல் லோரி, ஆட்டோ கியர், 14 வயசு ஆகப்போகுது, 10 வருஷம் முடிஞ்சப்ப சிஓஇ-ய (சிங்கப்பூர்ல வண்டி வச்சிருக்குறதுக்கான உரிமைச் சான்று) இன்னும் 5 வருஷத்துக்கு நீட்டினேன். கொஞ்ச நாளா அடியில இருந்து 'ஙொய்ங்'னு ஒரு சத்தம். ஆக்சிலேட்டர மிதிக்க மிதிக்க ஏறுது, பி-ல (பார்க்) போட்டு நின்ன இடத்துல மிதிச்சாலும் வருது. கியர் மாறுறதுல ஒரு குறையும் இல்ல. வொர்க்‌ஷாப்ல ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டு கியர்பாக்ஸ் போச்சு, ஓவர்ஹால் பண்ணணும், இல்லன்னா ஸ்க்ராப் யார்டுல இருந்து வேற பெட்டி வாங்கி மாத்தலாம்ங்கிறாங்க. பண்ணலாமா? ஆங், சொல்ல மறந்துட்டேன், போன சர்வீஸ்ல வேற இடத்துல கியர் ஆயிலும் ஃபில்டரும் மாத்தினேன், அதுக்கப்புறம்தான் இது ஆரம்பிச்சுது.
– காய்கறி வியாபாரி, கிளமெண்டி

பதில்: முதல் வரியில எழுத வேண்டியத கடைசியில சொல்றீங்களே! ஃபில்டர் மாத்தினதுக்கு அப்புறம் வந்த சத்தம், நின்ன இடத்துலயும் வருது, கியர் நல்லாவே மாறுது. இந்த மூணையும் சேத்து வச்சுப் பாத்தா ஓவர்ஹாலுக்கு இப்போதைக்கு அவசரமே இல்ல.

முதல்ல ஒண்ணு, உங்க லோரி நிஜமாவே ஆட்டோதானான்னு பாருங்க. கிளட்ச் பெடல் இல்லன்னா எல்லாத்தையும் ஆட்டோன்னுதான் சொல்றோம், ஆனா இசூசுவோட ஸ்மூதர், ஃபூசோ கான்டரோட டுவோனிக் எல்லாம் வேற வகை, உள்ள இருக்குறது மேனுவல் மாதிரி கியர், கிளட்ச் வேலைய கம்ப்யூட்டர் பாத்துக்குது. நான் கீழ சொல்றது டார்க் கன்வர்ட்டர் (எஞ்சின் சுத்துறத ஆயில் மூலமா கியர்பாக்ஸுக்குக் கடத்துற பாகம்) இருக்குற சாதா ஆட்டோவுக்கு.

அதுல பெட்டியோட முன்பக்கம் ஒரு ஆயில் பம்ப் இருக்கு. எஞ்சின் ஓடுற வரைக்கும் அதுவும் சுத்தும், பி-யா டி-யான்னு (டி-ன்னா டிரைவ்) அதுக்குக் கவலை இல்ல. கீழ தட்டுல இருக்குற ஆயில ஃபில்டர் வழியாத்தான் உறிஞ்சி மேல தள்ளுது, உறிஞ்சும்போது ஆயிலோட காத்தும் சேந்து போச்சுன்னா ஙொய்ங்னு கத்தும். காத்து எப்படிப் போகும்னா, ஒண்ணு ஆயில் குறைவா ஊத்தியிருப்பாங்க, இல்லன்னா ஃபில்டர் கழுத்துல ஒரு ரப்பர் ரிங் வரும், பழைய ரிங் மேல ஓட்டையிலயே ஒட்டிக்கிட்டு நிக்கும், அதக் கவனிக்காம புதுச மாட்டி இடிச்சு ஏத்தியிருப்பாங்க, அது சரியா உக்காந்திருக்காது. ஃபில்டர் மாத்தின கையோட சத்தம் வந்தா நான் முதல்ல சந்தேகப்படுறது இந்த ரிங்கத்தான்.

ஆயில் அளவ நீங்களே பாக்கலாம். அரைமணி நேரம் ஓட்டி பெட்டி நல்லா சூடானதும் சமமான தரையில நிறுத்துங்க, கார்பார்க் ரேம்ப்ல வேண்டாம். எஞ்சின் ஓடட்டும், கால் பிரேக்ல இருக்கட்டும், லீவர எல்லா இடத்துக்கும் மெதுவா கொண்டு போயி திரும்ப பி-க்கு வாங்க (சில வண்டிக்கு என்-லதான், அதாவது நியூட்ரல்லதான் பாக்கணும், வண்டியோட புஸ்தகத்துல போட்டிருக்கும்). ஆயில் அளவு பாக்குற குச்சிய (டிப்ஸ்டிக்) உருவி, பஞ்சு ஒட்டாத துணியில துடைச்சு, திரும்ப விட்டு எடுத்துப் பாருங்க. ஆறின பெட்டியில பாத்துட்டு கம்மியா இருக்குன்னு மேல ஊத்துறவங்க நிறைய பேரு, அப்புறம் அளவு கூடிப் போயி ஆயில் நுரைக்கும், அப்பவும் இதே சத்தம்தான் வரும். சிவப்பா இருந்தா நல்லது. கருத்துப்போயி கருகின வாசம் வந்தா உள்ள கிளட்ச் தேஞ்சிருக்கு. பால் கலந்த மாதிரி ரோஸ் கலர்ல இருந்தா ரேடியேட்டர் தண்ணி உள்ள வந்திருக்கு, அப்ப வண்டிய எடுக்கவே எடுக்காதீங்க. போன தடவ என்ன ஆயில் ஊத்தினாங்கன்னு பில்லையும் பாருங்க, டெக்ஸ்ரான் கேக்குற பெட்டி வேற, டொயோட்டா டி-ஃபோர் கேக்குற பெட்டி வேற.

அளவு சரியா இருந்தும் கத்துதுன்னா தட்ட இறக்கச் சொல்லுங்க, நீங்களும் பக்கத்துல நில்லுங்க. உள்ள ஒரு காந்தம் இருக்கும், அதுல சாம்பல் நிறத்துல மை மாதிரி படிஞ்சிருந்தா பயப்பட வேண்டாம், அது எல்லா வண்டியிலயும் இருக்கும். செதில் செதிலா, ஊசி மாதிரி இரும்புத் துண்டு இருந்தாத்தான் வொர்க்‌ஷாப்காரர் சொன்னது சரி. அதுக்கு முன்னாடி, ஃபேன் பெல்ட்ட கழட்டிட்டு அரை நிமிஷம் மட்டும் எஞ்சின ஓட்டிக் கேக்கச் சொல்லுங்க. சத்தம் நின்னுட்டா குத்தவாளி ஆல்டர்னேட்டர், பவர் ஸ்டியரிங் பம்ப் மாதிரி ஏதோ ஒண்ணு, கியர்பாக்ஸ் மேல பழியே இல்ல.

மத்தவங்களுக்கும் சேத்து சொல்றேன். டி-ல போட்டு பிரேக்க மிதிச்சு நிக்கும்போது சத்தம் வந்து, என்-க்கு மாத்தினா அடங்குதுன்னா கன்வர்ட்டர் பக்கம் பாக்கணும். வண்டி உருண்டாத்தான் வருது, எஞ்சின் வேகம் எப்படி இருந்தாலும் சக்கர வேகத்தோடயே ஏறி இறங்குதுன்னா புரொபெல்லர் ஷாஃப்ட் (கியர்பாக்ஸ்ல இருந்து பின் ஆக்சிலுக்குப் போற சுத்துற தண்டு) நடு பேரிங், பின் ஆக்சில், சக்கர பேரிங், சில சமயம் வெறும் டயர். ஐடில்ல 'டக் டக்'னு தட்டுனா கன்வர்ட்டர எஞ்சினோட பிடிக்கிற தட்டு விரிசல் விட்டிருக்கலாம், போல்ட் லூசாயிருக்கலாம். இதக் கேட்டு எஞ்சினே போச்சுன்னு இறக்கினவங்களும் உண்டு.

காசு விஷயம். 5 வருஷத்துக்கு நீட்டின சிஓஇ-ய மறுபடி நீட்ட முடியாது, 15 வயசோட உங்க லோரி கதை முடிஞ்சுது. மிச்சம் இருக்குற ஒரு வருஷ சொச்சத்துக்கு ஓவர்ஹால் பண்ணுறது எனக்கு நியாயமா படல. ரிங்கா இருந்தா தட்டு கேஸ்கட்டு, ஆயில், கூலி, அவ்வளவுதான். ஆனா தள்ளிப் போடாதீங்க, காத்து கலந்த ஆயில்ல பிரஷர் நிக்காது, கிளட்ச் வழுக்கி எரிய ஆரம்பிச்சா அப்ப ஓவர்ஹால்தான்.

கேள்வி: ஆட்டோ லோரி வழியில நின்னா கயிறு கட்டி இழுக்கலாமா?
– வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: வேண்டாம். எஞ்சின் நின்னா பம்பும் நின்னுரும், பின் சக்கரம் உருள உருள பெட்டி உள்ள ஆயில் இல்லாம சுத்தும். பின் சக்கரத்த தூக்கி இழுக்கணும், இல்லன்னா புரொபெல்லர் ஷாஃப்ட்ட கழட்டணும். எக்ஸ்பிரஸ்வேயில நின்னா எல்டிஏ-வோட (நிலப் போக்குவரத்து ஆணையம்) ஈமாஸ் ரிகவரி வண்டி, அதாவது எக்ஸ்பிரஸ்வேயில நின்ன வண்டிய அகற்றுற வண்டி, காசு வாங்காம பக்கத்து கார்பார்க் வரைக்கும் கொண்டு போய் விட்டுரும், அங்க இருந்து வொர்க்‌ஷாப்புக்கு நீங்கதான் ஏற்பாடு பண்ணணும். டோ வண்டிக்காரர்கிட்ட 'ஆட்டோ கியர்'னு முதல்லயே சொல்லிருங்க.