கூலர் வாங்கும் முன் வெப்பமானி சொல்வதைக் கேளுங்கள்

கேள்வி: 4.0 கிகாஹெர்ட்ஸில் ஓடிய இன்டெல் பிராசஸரை 4.4-க்கு ஏற்றினேன், வோல்டேஜை 1.20-லிருந்து 1.35 ஆக்கினேன். மதர்போர்டோடு வந்த மென்பொருள் 62 டிகிரி என்கிறது, கோர் டெம்ப் என்ற வெப்பம் காட்டும் மென்பொருள் 91 என்கிறது. எதை நம்புவது? பம்ப் வைத்துத் திரவத்தால் குளிர்விக்கும் லிக்விட் கூலர் வாங்கிவிடலாமா?

பதில்: 91-ஐ நம்புங்கள். மதர்போர்டு மென்பொருள் காட்டுவது பல நேரங்களில் பிராசஸர் பொருந்தும் சாக்கெட் பக்கத்தில் இருக்கும் உணரியின் கணக்கு. அங்கே சூடு தாமதமாகவும் குறைவாகவும்தான் வந்து சேரும். கோர் டெம்ப் சிப்புக்குள்ளேயே இருக்கும் உணரியைப் படிக்கிறது. அந்த உணரி, உச்ச வரம்புக்கு (பல இன்டெல் சிப்களில் 100 டிகிரி) இன்னும் எவ்வளவு தூரம் என்றுதான் அளக்கும். அதனால் சூடு ஏற ஏறத் துல்லியம் கூடும். சும்மா இருக்கும்போது காட்டும் எண்ணில் சில டிகிரி பிசகு இருக்கலாம், அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

சூடு எங்கிருந்து வந்தது என்பதற்குக் கணக்கு எளிது. மின்செலவு வேகத்தோடு நேராகவும், வோல்டேஜோடு அதன் வர்க்கமாகவும் ஏறும். வேகத்தால் 10 சதவீதம், வோல்டேஜின் வர்க்கத்தால் 27 சதவீதம். சேர்ந்து ஏறக்குறைய 40 சதவீதம். வோல்டேஜை முதலில் 1.30, பிறகு 1.27 என்று இறக்கிப் பாருங்கள். 4.4 அதிலேயே நிலைத்து ஓடினால் செலவே இல்லை.

ஓடாவிட்டால் இந்தச் சோதனை. ஹெச்டபிள்யூ இன்ஃபோ என்ற கண்காணிப்பு மென்பொருளில் உணரிகளை மட்டும் திறந்து, புதுப்பிக்கும் இடைவெளியை 1000 மில்லிவினாடி ஆக்குங்கள். பிராசஸருக்கு முழு வேலை கொடுக்கும் சினிபெஞ்ச் சோதனையை 10 நிமிடம் ஓடவிட்டு, வெப்பத்தின் எண்ணைவிட அது ஏறும் விதத்தைக் கவனியுங்கள். இரண்டு மூன்று வினாடிகளில் 90-ஐத் தொட்டால் கூலரின் அளவு சிறியது என்று முடிவு கட்ட வேண்டாம். முதலில் கூலருக்கும் சிப்புக்கும் இடையிலான தொடுகையைச் சந்தேகியுங்கள். கூலரின் அடித்தட்டில் பிளாஸ்டிக் தாள் உரிக்கப்படாமல் இருக்கலாம், ஒரு மூலைத் திருகு தளர்ந்திருக்கலாம், இடையில் வெப்பத்தைக் கடத்தும் பேஸ்ட் காய்ந்திருக்கலாம். கழற்றித் துடைத்து, பட்டாணி அளவு பேஸ்ட் வைத்து, திருகுகளைக் குறுக்குக் குறுக்காகச் சிறிது சிறிதாக முடுக்குங்கள்.

மெதுவாக, பத்து நிமிடமும் ஏறிக்கொண்டே போனால் கேபினட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். 5 டிகிரிக்கு மேல் இறங்கினால் குறை காற்றோட்டத்தில். ஒரு கேஸ் ஃபேன் போதும். தகட்டைக் கழற்றியும் இறங்கவில்லை, தொடுகையும் சரி என்றால்தான் பெரிய கூலர். அதிலும் லிக்விட்தான் வேண்டும் என்பதில்லை. இரட்டைக் கோபுர ஏர் கூலர் நன்றாகவே தாங்கும். பம்ப் நின்றுபோகும் கவலையும் கிடையாது. கேபினட்டில் அதன் உயரத்துக்கு இடம் இருக்கிறதா என்று மட்டும் அளந்துகொள்ளுங்கள்.

ஏமாந்துபோகும் இடம் ஒன்று உண்டு: வெப்பம் 100-ல் அசையாமல் நிற்பதைச் சமாளித்துவிட்டதாக நினைப்பவர்கள் பலர். பக்கத்திலேயே தெர்மல் த்ராட்லிங் (சூடு தாங்காமல் சிப் தானே வேகத்தைக் குறைப்பது) வரிசை 'ஆம்' என்றிருக்கும், வேகம் 4.4-க்குக் கீழே சரிந்திருக்கும். ஏற்றிய வேகம் கையில் இல்லை என்று அர்த்தம்.

கேள்வி: என் ஏஎம்டி பிராசஸர் ரைசன் 9 7950எக்ஸ், எதையும் மாற்றாமலே 95 டிகிரிக்குப் போகிறது. பழுதா?

பதில்: இல்லை. கடும் வேலையில் 95 வரை போய் அங்கேயே நிற்கும்படிதான் ஏஎம்டி அதை அமைத்திருக்கிறது. கூலரை மாற்றினால் வெப்பம் குறையாமல் வேகம் மட்டும் கொஞ்சம் கூடலாம். எண் இறங்கவேண்டும் என்றால் பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரை) மின்செலவைக் கட்டுப்படுத்தும் ஈக்கோ மோடைப் போடுங்கள்.