பக்கவாதம் வந்த மாமியாரைப் பார்த்துக்கொள்ள மருமகள்தான் வேலையை விட வேண்டுமா?

விட வேண்டாம் என்பதே என் பதில். குறைந்தது முதல் 6 மாதங்களுக்குள் அந்த முடிவை எடுக்காதீர்கள். மாமியாருக்கு வலது கையும் காலும் செயலிழந்துவிட்டன, மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம், "வீட்டில் ஒரு ஆள் முழுநேரமும் இருந்தாக வேண்டும், உன் சம்பளம்தானே குறைவு" என்று உறவினர்கள் கூடிப் பேசி முடித்துவிட்டார்கள் என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கணவரிடமோ நாத்தனாரிடமோ வேலையை விடும்படி ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்பதை நீங்கள் எழுதாவிட்டாலும் என்னால் ஊகிக்க முடிகிறது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது.

நாங்கள் திருச்சியில் மாமனார், மாமியாரோடு ஒரே வீட்டில் இருக்கிறோம். நான் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். என் தாயார் என் திருமணத்துக்கு முன்பே காலமாகிவிட்டதால் எனக்குப் பேறுகாலம் பார்த்தவர் மாமியார்தான். மூத்தவள் பிறந்த காலத்தில் மகப்பேறு விடுப்பு 12 வாரமாகத்தான் இருந்தது. 2017ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகே அது 26 வாரமானது. கழுத்து நிற்கத் தொடங்கியிருந்த குழந்தையை அவர் மடியில் கிடத்திவிட்டு நான் பேருந்து ஏறினேன். காலில் போட்டுக் குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டி, நான் பீச்சி வைத்துவிட்டுப் போன பாலைப் பாலாடையில் புகட்டி, தூளியில் உறங்க வைத்து, இரண்டு பிள்ளைகளையும் ஆளாக்கியவர் அவர். அப்படிப்பட்டவர் படுத்தபோது, அவர் செய்ததை நான் திருப்பிச் செய்ய வேண்டாமா என்று எல்லோரும் கேட்டார்கள். செய்யத்தான் வேண்டும். ஆனால் நான் எந்த வேலையில் நிலைத்திருக்க வேண்டும் என்பதற்காக அவர் தன் முதுகுவலியைப் பொறுத்துக்கொண்டு என் பிள்ளைகளைத் தூக்கி வளர்த்தாரோ, அந்த வேலையைத் தூக்கி எறிவது அவருக்குச் செய்யும் கைம்மாறாகுமா என்றுதான் நான் யோசித்தேன்.

அவருக்கு மூளையின் இடது பக்கத்தில் இரத்த ஓட்டம் தடைபட்டது. அதனால் வலது கை, காலோடு பேச்சும் போயிற்று. நாம் சொல்வது பெரும்பாலும் அவருக்கு விளங்கும், பதில் சொல்லத்தான் வார்த்தை வராது. இதைப் புத்தி தடுமாறிவிட்டதாக எடுத்துக்கொண்டு, நோயாளியின் தலைமாட்டிலேயே நின்று அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் உண்டு. உங்கள் வீட்டில் அப்படி நடந்தால் முதலில் அதை நிறுத்துங்கள். வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் எங்களிடம் சொன்ன இன்னொரு விஷயம்தான் என் முடிவுக்கே அடிப்படை. இழந்தவற்றில் திரும்பி வரக்கூடியவை பெரும்பாலும் முதல் 3 முதல் 6 மாதங்களில் வரும், அதன் பிறகும் முன்னேற்றம் உண்டு, வேகம் மட்டும் குறையும் என்றார். முதல் மாதத்தில் ஒருவருக்குத் தேவைப்படும் கவனிப்பு ஆறாவது மாதத்தில் அதே அளவில் தேவைப்படாமல் போகலாம். முதல் மாதத்துக் கலக்கத்தில் எழுதிக் கொடுக்கும் ராஜினாமாவை அப்போது திரும்பப் பெற முடியாது.

எனவே, யார் பார்த்துக்கொள்வது என்ற பேச்சை விட்டுவிட்டு, காலை முதல் இரவு வரை என்னென்ன வேலை இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதினோம். படுக்கையில் புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது, டயாப்பர் மாற்றுவது, ஊட்டுவது, மாத்திரை, இரத்த அழுத்தம் பார்த்து எழுதுவது, கை கால் பயிற்சி, துணி, இரவில் எழுந்து பார்ப்பது என்று எழுத எழுத, இது ஒருவர் செய்யக்கூடியதே அல்ல என்பது எல்லோருக்கும் புரிந்தது. காலை வேலைகளைக் கணவர் எடுத்துக்கொண்டார். தாய்க்கு மகன் உடம்பு துடைத்துவிடலாமா என்று முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். மாமியாரே முதலில் கூச்சப்பட்டார் என்பதால், துணி மாற்றுவதை மட்டும் நான் செய்தேன். பகலுக்கு ஓர் அட்டெண்டர் அம்மாவை அமர்த்தினோம். இரவு என் பொறுப்பு.

எங்களையெல்லாம் வியக்க வைத்தவர் மாமனார். எழுபதைக் கடந்த அவர் அதுவரை தாம் குடித்த காபி டம்ளரைக் கூடக் கழுவியவர் அல்லர். ஊட்டுவதை நானே செய்கிறேன் என்று முன்வந்து, அதன் முறையைச் செவிலியரிடம் கேட்டுக் கற்றுக்கொண்டார். நன்றாக நிமிர்த்தி உட்கார வைத்து, முகவாயைச் சற்றுத் தாழ்த்தச் சொல்லி, குழையப் பிசைந்ததைச் சிறு கரண்டியில் வாயின் நல்ல பக்கமாக வைத்து, விழுங்கிவிட்டாரா என்று பார்த்த பிறகே அடுத்த கரண்டியை எடுப்பார். சாப்பிட்டவுடன் படுக்க வைத்தால் புரையேறி நுரையீரலில் சளி கட்டிவிடும் என்று சொல்லியிருந்ததால், அரை மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்து செய்தித்தாளை உரக்கப் படித்துக் காட்டுவார்.

பார்த்துக்கொள்ளப்படுகிறவருக்கும் ஒரு வேலை இருக்க வேண்டும் என்பதை நான் அழுத்திச் சொல்கிறேன். பிள்ளைகளை வளர்த்த கை திடீரென்று ஒன்றும் செய்யாமல் கிடந்தால், உடம்பு தேறினாலும் மனம் தேறாது. கட்டிலில் சாய்ந்து உட்காரத் தொடங்கியதும் முறத்தில் முருங்கைக் கீரையை வைத்து அவர் முன்னால் தள்ளினோம். செயலற்ற வலது கையைத் தூக்கிக் காம்பின் மேல் பாரமாக வைத்துவிட்டு, இடது கையால் கீரையை உருவுவார். கீரையில் பாதி தரையில்தான் விழும். யாரும் கூட்டிப் பெருக்க அவசரப்பட மாட்டோம். இரண்டாம் வகுப்பில் இருந்த சின்னவன் மாலையில் பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்துதான் வாய்ப்பாடு சொல்வான். "தண்ணீர்" என்று கேட்க முடியாமல் தவித்தவருக்கு, அவனோடு சேர்ந்து இரண்டாம் வாய்ப்பாட்டைச் சொல்ல வந்தது. சின்ன வயதில் மனப்பாடமாகிப் போனவை இப்படித் தப்பி நிற்பது உண்டு என்று பேச்சுப் பயிற்சியாளர் விளக்கினார். எங்களுக்கு அந்த மாலை திருவிழாவாக இருந்தது.

மாமியாரை ஆளிடம் விட்டுவிட்டுச் சம்பாதிக்கப் போனவள் என்று இதைப் படிக்கும் யாராவது எழுதுவார்கள். வசதி இருந்தது, ஆள் வைத்தாய் என்றும் சொல்வார்கள். அட்டெண்டருக்குக் கொடுத்தது என் சம்பளத்திலிருந்துதான். மருத்துவக் காப்பீடு மருத்துவமனைச் செலவோடு நின்றுவிட்டது. வேலையை விட்டுப் பெற்றோரையோ மாமனார் மாமியாரையோ கவனிக்கும் பெண்களை நான் குறைத்துப் பேசவில்லை. அது அவர்களே தேர்ந்ததாக இருக்க வேண்டும் என்று மட்டுமே கேட்கிறேன்.

என் மனக்குறை ஒன்று உண்டு. பிள்ளை பெற்றால் விடுப்பு உண்டு. தமிழ்நாடு அரசின் பெண் ஊழியர்களுக்கு 2021 முதல் அது 12 மாதம். மத்திய அரசின் பெண் ஊழியர்களுக்குக் குழந்தையைக் கவனிக்கப் பணிக்காலம் முழுமைக்கும் 730 நாள் வரை விடுப்பு இருக்கிறது. படுத்த படுக்கையாகிவிட்ட தாய்க்காகத் தனியார் நிறுவனத்தில் இருப்பவர் எடுக்க அப்படி ஒரு விடுப்பை எந்தச் சட்டமும் தரவில்லை. நானும் கணவரும் எங்கள் ஈட்டிய விடுப்பைக் கரைத்துத்தான் முதல் வாரங்களைக் கடந்தோம். பிறப்புக்கு இருக்கும் மதிப்பு முதுமைக்கு ஏன் இல்லை என்று இன்றும் ஆத்திரமாக வருகிறது.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007இல் வந்தது. அதில் பராமரிக்கும் கடமை மகன், மகள், பேரன், பேத்தி ஆகியோருக்கு வைக்கப்பட்டிருக்கிறது. மருமகள் அந்த வரையறையில் இல்லை. சட்டத்தைக் காட்டி ஒதுங்கச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. குடும்பம் கூடிப் பேசும்போது நாத்தனாரும் அந்தப் பேச்சில் பொறுப்புள்ள ஒருவராக உட்கார வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

நீங்கள் தமிழ்நாட்டில் இருந்தால் உங்கள் பகுதியின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மக்களைத் தேடி மருத்துவம் பற்றிக் கேளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் இரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருவதோடு, படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டிலேயே பிசியோதெரபியும் உண்டு. முதியோர் உதவி எண் 14567. அலுவலகத்தில் ராஜினாமாவுக்குப் பதிலாகச் சம்பளமில்லா விடுப்பையோ, சில மாதங்களுக்கு வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதியையோ எழுத்தில் கேளுங்கள். நாத்தனாரிடம் "கொஞ்சம் வந்து பார்த்துக்கொள்ளுங்கள்" என்று பொதுவாகக் கேட்காமல், சனிக்கிழமை காலையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை இரவு வரை உங்களால் இருக்க முடியுமா அண்ணி என்று கேளுங்கள். முடியாது என்றால், அட்டெண்டர் சம்பளத்தில் அவர் பங்கு எவ்வளவு என்பதை உங்கள் கணவர் அன்றே பேசி முடிக்கட்டும்.