இரண்டு சார்லஸ்கள், பல லேடிகள்: பாரனெட் குடும்பத்தைத் தமிழில் எழுதும்போது

கேள்வி: சென்னை மாகாண ஆளுநர்களைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழில் மொழிபெயர்த்து வருகிறேன். 1859இல் ஆளுநராக வந்த சார்லஸ் ட்ரெவெலியனைப் பழைய தமிழ்க் குறிப்புகளில் ‘ட்ரெவெலியன் பிரபு’ என்றும் ‘சர் ட்ரெவெலியன்’ என்றும் காண்கிறேன். மூலத்தில் அவர் ‘முதல் பாரனெட்’. 1929இல் பிரிட்டனில் அமைச்சராக இருந்தவரும் சர் சார்லஸ் ட்ரெவெலியன்தான். லேடி ட்ரெவெலியன் என்று குறைந்தது இரண்டு பெண்கள் வருகிறார்கள். ஆனால் அதே குடும்பத்து வரலாற்றாசிரியர் ஜி.எம். ட்ரெவெலியனுக்குச் ‘சர்’ கிடையாது. பாரனெட் என்றால் பிரபுவா? யாருக்கு எந்த அடைமொழி? பட்டயங்களில் வரும் ‘ஏர்ஸ் மேல் ஆஃப் தி பாடி’ என்ற தொடரை எப்படிப் பெயர்ப்பது?

பதில்: பாரனெட் பிரபு அல்லர். பாரன் என்ற சொல்லோடு ஒலியில் நெருங்கியிருப்பதால் இந்த மயக்கம் வருகிறது. பாரன் பிரபு வரிசையின் கடைசிப் படியில் இருப்பவர். பாரனெட் அதற்குக் கீழே, அந்த வரிசைக்கு வெளியே நிற்பவர். பாரனெட் பட்டம் பிரபுக்கள் சபையில் ஒருபோதும் இடம் தந்ததில்லை. அதனால்தான் இந்தக் குடும்பத்தின் இரண்டாம் பாரனெட்டான ஜார்ஜ் ஆட்டோ ட்ரெவெலியனும் மூன்றாம் பாரனெட்டான சார்லஸ் பிலிப்ஸ் ட்ரெவெலியனும் பட்டத்தை வைத்துக்கொண்டே மக்கள் சபையில் உறுப்பினர்களாக அமர முடிந்தது. ஒரே வரியில் சொல்வதானால், பாரனெட் என்பது தந்தையிடமிருந்து மகனுக்குப் போகும் ‘சர்’.

தமிழில் அதிகாரமும் பட்டமும் உள்ள வெள்ளைக்காரர் எவரையும் ‘பிரபு’ என்று எழுதிவிடும் பழக்கம் நமக்கு உண்டு. ட்ரெவெலியனின் மைத்துனர் மெக்காலேயையே எடுத்துக்கொள்ளுங்கள். 1835ஆம் ஆண்டுக் கல்விக் குறிப்பை ‘மெக்காலே பிரபு எழுதியது’ என்றுதான் பாடப்புத்தகம் முதல் மேடைப்பேச்சு வரை சொல்கிறோம். அவர் பாரன் ஆனது 1857இல். குறிப்பை எழுதியபோது அவர் வெறும் திரு. மெக்காலே. திருமணம் செய்துகொள்ளாமலே 1859இல் இறந்ததால் அந்தப் பட்டமும் அவரோடு முடிந்தது. ஆண்டைப் பார்க்காமல் அடைமொழி போடக் கூடாது என்பதற்கு இதைவிட வசதியான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

பாரனெட் பட்டம் ஏன் இப்படிப் பாதி வழியில் நிற்கிறது என்பதற்கு அது பிறந்த கதையில் விடை இருக்கிறது. 1611ஆம் ஆண்டு மே மாதம் முதலாம் ஜேம்ஸ் மன்னர் இதை ஏற்படுத்தியபோது அவருக்குத் தேவைப்பட்டது அயர்லாந்தின் அல்ஸ்டர் பகுதியில் படை வைத்துக்கொள்ளப் பணம். பட்டம் பெறுகிறவர் 30 சிப்பாய்களுக்கு மூன்று ஆண்டுச் சம்பளம் கட்ட வேண்டும். ஒரு சிப்பாய்க்கு நாளொன்றுக்கு 8 பென்ஸ். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 30 பேருக்கு ஒரு நாளைக்கு 240 பென்ஸ், அன்றைய கணக்கில் சரியாக ஒரு பவுண்டு. மூன்று ஆண்டுக்கு 1,095 நாள், ஆகவே 1,095 பவுண்டு. ஆண்டு வருமானம் 1,000 பவுண்டுக்குக் குறையாத குடும்பங்கள்தாம் இதற்குத் தகுதி. இன்றும் பல பாரனெட்டுகளின் குலச்சின்னத்தில் ஒரு சிவப்புக் கை வரையப்பட்டிருப்பதைக் காணலாம். அது அல்ஸ்டரின் சின்னம். காசு கட்டியவருக்குக் கௌரவம் கிடைத்தது, பிள்ளைக்கும் அது போனது, நாடாளுமன்ற இடம் மட்டும் கிடைக்கவில்லை.

இனி உங்கள் ஆளுநருக்கு வருவோம். இங்கேதான் கவனம் வேண்டும், ஏனென்றால் அவர் பெயருக்கு முன்னால் நிற்கும் ‘சர்’ இரண்டு முறை, இரண்டு வழிகளில் வந்தது. லண்டனில் கருவூலத் துறையின் உயரதிகாரியாக இருந்தபோது, 1848இல், ‘ஆர்டர் ஆஃப் தி பாத்’ என்னும் வரிசையில் நைட் பட்டம் கொடுத்தார்கள். அது வாழ்நாளோடு முடியும் பட்டம். 1859இல் சென்னையில் பொறுப்பேற்றபோதும், பீப்பிள்ஸ் பார்க்கை அமைத்தபோதும், கல்கத்தா அரசின் வருமான வரித் திட்டத்தைப் பகிரங்கமாக எதிர்த்து 1860இல் திருப்பி அழைக்கப்பட்டபோதும் அவர் அந்த நைட் பட்டத்தால்தான் ‘சர் சார்லஸ்’. பாரனெட் பட்டம் வந்தது 1874இல், சென்னையை விட்டுப் போய்ப் பதினான்கு ஆண்டுகள் கழித்து. ஆகவே ‘பாரனெட்டான சர் சார்லஸ் ட்ரெவெலியன் சென்னை ஆளுநராக வந்தார்’ என்று நீங்கள் எழுதினால் அது பிழை. மூலநூலில் பெயருக்குப் பின்னால் ‘முதல் பாரனெட்’ என்று இருப்பது ஆளை அடையாளம் காட்டுவதற்காக. சம்பவம் நடந்த காலத்து நிலையைச் சொல்வதற்காக அல்ல.

1886இல் அவர் இறந்ததும் நைட் பட்டம் மறைந்தது, பாரனெட் பட்டம் மகன் ஜார்ஜ் ஆட்டோவுக்குப் போனது. அந்த மகன் அதற்கு முன்பே இருபது ஆண்டுகளுக்கு மேலாக நாடாளுமன்ற உறுப்பினர். 1882இல் அயர்லாந்துக்கான தலைமைச் செயலர் என்ற பெரிய பதவியையும் ஏற்றவர். அப்போதெல்லாம் அவர் திரு. ட்ரெவெலியன்தான். அவர் 1928இல் இறக்க, அவருடைய மூத்த மகன் சார்லஸ் பிலிப்ஸ் மூன்றாம் பாரனெட் ஆனார். உங்களைக் குழப்பிய அந்த அமைச்சர் இவர்தான்: ஆளுநரின் பேரன், தாத்தா பெயரைத் தாங்கியவர். தொழிற்கட்சி அரசில் இவர் 1924இலும், மறுபடி 1929 முதல் 1931 வரையிலும் கல்வித் துறைக்குத் தலைமை வகித்தார். முதல் முறை திரு. சார்லஸ் ட்ரெவெலியன், இரண்டாம் முறை சர் சார்லஸ் ட்ரெவெலியன். ஒரே ஆள், ஒரே பதவி. நடுவில் தந்தை இறந்திருக்கிறார், அவ்வளவுதான்.

வரலாற்றாசிரியர் ஜி.எம். ட்ரெவெலியன் இந்த அமைச்சரின் கடைசித் தம்பி. பாரனெட்டின் பிள்ளைகளுக்கு, மூத்தவர் உட்பட, தந்தை உயிரோடு இருக்கும்வரை எந்த அடைமொழியும் இல்லை. இளையவர்களுக்குப் பெரும்பாலும் என்றைக்கும் இல்லை. 1930இல் அவருக்குக் கிடைத்த ‘ஆர்டர் ஆஃப் மெரிட்’ மிக உயர்ந்த மதிப்புதான் என்றாலும், அதற்குச் ‘சர்’ போடும் வழக்கம் கிடையாது. எனவே அவரை எப்போதும் வெறும் பெயரால் எழுதுங்கள்.

‘சர்’ எப்போதும் இடுபெயரோடு சேரும். குடும்பப் பெயரோடு தனியாகச் சேராது. ‘சர் சார்லஸ்’ சரி, ‘சர் சார்லஸ் ட்ரெவெலியன்’ சரி, ‘சர் ட்ரெவெலியன்’ தவறு. ‘லேடி’ இதற்கு நேர்மாறு. அது கணவரின் குடும்பப் பெயரோடு சேரும்: லேடி ட்ரெவெலியன். அண்ணன் மெக்காலேயுடன் 1834இல் இந்தியாவுக்கு வந்து அந்த ஆண்டே ட்ரெவெலியனை மணந்துகொண்ட ஹன்னாவை ‘லேடி ஹன்னா’ என்று எழுதினால், ஆங்கிலம் அறிந்த வாசகர் அவரை ஏதோ ஒரு பெரிய பிரபுவின் மகள் என்று எண்ணிக்கொள்வார். இடுபெயரோடு ‘லேடி’ சேரும் உரிமை ஏர்ல் முதலிய மேல்படிப் பிரபுக்களின் மகள்களுக்கே உண்டு. இன்னொரு நுணுக்கம்: ஹன்னா இறந்தது 1873இல். கணவர் பாரனெட் ஆனதை அவர் பார்க்கவே இல்லை. அவர் லேடியானது நைட் ஒருவரின் மனைவி என்ற முறையில். சென்னையில் லேடி விலிங்டன் பெயரில் கல்லூரி இருக்கிறதே, அவர் பிரபு ஒருவரின் மனைவி. ஆக, நைட், பாரனெட், பாரன் மூவரின் மனைவியருக்கும் ‘லேடி’ பொது. அந்தச் சொல்லை மட்டும் பார்த்துக் கணவரின் படியை ஊகிக்க முடியாது. ‘சீமாட்டி’ என்று தமிழாக்குவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் நூல் முழுவதும் ஒன்றையே பிடித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் குறிப்பிடும் இன்னொரு லேடி ட்ரெவெலியன் பெரும்பாலும் பாலின் ஆக இருக்க வேண்டும். இவர் வேறு கிளை. ட்ரெவெலியன்களில் இரண்டு பாரனெட் பட்டங்கள் உண்டு: சாமர்செட்டில் உள்ள நெட்டில்கூம்ப் பெயரில் 1662இல் உண்டான பழைய பட்டம்; நார்த்தம்பர்லாந்தில் உள்ள வாலிங்டன் பெயரில் 1874இல் நம் ஆளுநருக்குக் கிடைத்த புதிய பட்டம். பாலின், நெட்டில்கூம்பின் ஆறாம் பாரனெட்டான சர் வால்டரின் மனைவி. இரண்டு குடும்ப மாளிகைகளும் சர் வால்டரிடமே இருந்தன. வாலிங்டனின் நடுமண்டபச் சுவர்களில் வில்லியம் பெல் ஸ்காட் என்ற ஓவியர் நார்த்தம்பர்லாந்து வரலாற்றை வரைந்ததும், கலை விமர்சகர் ஜான் ரஸ்கின் தன் கையால் அங்கே ஒரு தூணில் காட்டுப்பூக்களைத் தீட்டியதும் பாலின் காலத்தில்தான். பிள்ளையில்லாத சர் வால்டர் 1879இல் இறந்தபோது, பழைய பட்டமும் நெட்டில்கூம்பும் சகோதரர் மகனுக்குப் போயின; வாலிங்டன் வீடும் நிலமும் உயிலின்படி உறவினரான நம் சார்லஸுக்கு வந்தன. பட்டத்தை உயிலில் எழுதி வைக்க முடியாது. வீட்டை எழுதி வைக்கலாம். பட்டமும் சொத்தும் தனித்தனி வண்டியில் போகும் என்பதை இந்த ஒரு மரணமே காட்டிவிடுகிறது. பிற்பாடு, சோஷலிசக் கொள்கையில் பிடிப்புள்ள மூன்றாம் பாரனெட், 1941இல் வாலிங்டனை நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். 1958இல் அவர் மகனுக்கு வந்தது பட்டம் மட்டும்.

அடுத்து, நீங்கள் கேட்ட தொடர். ‘உடலின் ஆண் வாரிசுகள்’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் தமிழில் ஒன்றும் விளங்காது. அதன் பொருள் இது: முதலில் பட்டம் பெற்றவரின் முறையான திருமணத்தில் பிறந்து, இடையில் பெண் வழி குறுக்கிடாமல், ஆண் வழியாகவே வந்தவர்கள். மகன் வயிற்றுப் பேரனுக்கு உரிமை உண்டு, மகள் வயிற்றுப் பேரனுக்கு இல்லை. தத்துப்பிள்ளைக்கும் இல்லை. மகன் இல்லாவிட்டால் பங்காளிக்குப் போகும். ஆனால் முதல் பாரனெட்டின் வம்சத்தில் வந்த பங்காளியாக இருக்க வேண்டும், அவருடைய உடன்பிறந்தாரின் வம்சத்துக்குப் போகாது. வாலிங்டன் பட்டம் 1996இல் நான்காம் பாரனெட்டிடமிருந்து அவர் தம்பிக்குப் போனது இந்த விதிப்படிதான். ‘முதல் பாரனெட்டின் நேர்வழி ஆண் சந்ததியார்’ என்று எழுதலாம் என்பது என் பரிந்துரை. ஸ்காட்லாந்தின் சில பழைய பட்டயங்களில் வாசகம் வேறுபடுவதால் அபூர்வமாகப் பெண்களும் பாரனெட் பட்டம் ஏற்றிருக்கிறார்கள். எனவே ஒவ்வொரு முறையும் அந்தந்தப் பட்டயத்தின் சொற்களே முடிவு சொல்லும்.

அந்தச் சொற்களின் கனம் எவ்வளவு என்பதற்கு 2016இல் ஒரு வழக்கு. ஸ்டிச்சில் என்ற ஊரின் பெயரில் பிரிங்கிள் குடும்பத்துக்கு 1683இல் கிடைத்த பாரனெட் பட்டம் அது. பத்தாம் பாரனெட் 2013இல் இறந்ததும் அவர் மகனும் ஒரு பங்காளியும் உரிமை கோரினார்கள். குடும்ப வரலாற்று ஆய்வுக்காக ஏற்கெனவே கொடுக்கப்பட்டிருந்த டிஎன்ஏ மாதிரி, பத்தாம் பாரனெட் எட்டாம் பாரனெட்டின் இரத்த வழிப் பேரன் அல்லர் என்று காட்டியது. பிரிட்டிஷ் அரசரின் ஆலோசனைச் சபையான பிரிவி கவுன்சிலின் நீதிக்குழு அந்தச் சான்றை ஏற்று, பட்டம் பங்காளியின் வழிக்கே உரியது என்று கருத்துரைத்தது. சாகும்வரை ‘சர்’ என்று அழைக்கப்பட்டவரின் கிளை, பட்டயத்தில் இருந்த ஒரு தொடரால் விலக்கப்பட்டது.

உங்கள் ஆளுநர் வரிசையில் இன்னொருவரையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். சென்னைத் தீவுத்திடல் அருகே சேணமில்லாத குதிரையில் அமர்ந்திருக்கும் தாமஸ் மன்றோவும் இதேபோல இரட்டைச் ‘சர்’ பெற்றவர்: 1819இல் நைட், 1825இல் பாரனெட். 1827இல் அவர் காலராவில் இறந்தபோது பட்டம் சிறுவனாக இருந்த மகனுக்குப் போனது. இந்தியர்களில் பம்பாய் வணிகர் ஜாம்ஷெட்ஜி ஜீஜீபாய்க்கு 1857இல் பாரனெட் பட்டம் கிடைத்தது; அவருக்குப் பின் பட்டத்துக்கு வருகிறவர் தன் சொந்தப் பெயரை விட்டு ஜாம்ஷெட்ஜி ஜீஜீபாய் என்ற பெயரையே ஏற்க வேண்டும் என்று சட்டமே இயற்றினார்கள். மேற்கோள் காட்டும்போது எத்தனையாவது பாரனெட் என்று எழுதாவிட்டால் அங்கே தப்பவே முடியாது. 1929இல் சி.வி. ராமனுக்குக் கிடைத்த ‘சர்’ வெறும் நைட் வகை. அது பிள்ளைகளுக்குப் போகாது.

நடைமுறையில் இப்படிச் செய்யுங்கள். முதல் முறை வரும்போது ‘பாரனெட் என்னும் பரம்பரைச் சர் பட்டம்’ என்று விளக்கிவிட்டுப் பிறகு பாரனெட் என்றே எழுதுங்கள். எண்ணை ஊரோடு சேர்த்துச் சொல்லுங்கள்: ‘வாலிங்டனின் 3ஆம் பாரனெட்’, ‘நெட்டில்கூம்பின் 6ஆம் பாரனெட்’. உரைக்குள், சம்பவம் நடந்த ஆண்டில் அவருக்கு எந்த அடைமொழி இருந்ததோ அதை மட்டும் போடுங்கள். பெயரடைவில் சர், லேடி இரண்டையும் அகரவரிசைக்குக் கணக்கில் எடுக்காமல், ‘ட்ரெவெலியன், சர் சார்லஸ் எட்வர்ட் (இறப்பு 1886)’, ‘ட்ரெவெலியன், சர் சார்லஸ் பிலிப்ஸ் (இறப்பு 1958)’ என்று முழுப் பெயரோடும் ஆண்டோடும் பிரித்துவிடுங்கள். லேடிகளுக்கு ‘ட்ரெவெலியன், லேடி (ஹன்னா)’, ‘ட்ரெவெலியன், லேடி (பாலின்)’ என்று இடுபெயரை அடைப்புக்குள் கொடுத்தால் போதும். ஆளுநர் 1875இல் மறுமணம் செய்துகொண்டவர் என்பதால், அதற்குப் பிந்தைய கடிதம் ஏதாவது உங்கள் தொகுப்பில் இருந்தால் அதில் வரும் லேடி ட்ரெவெலியன் ஹன்னா அல்லர். அவருக்கு மூன்றாவதாக ஒரு பதிவு தேவைப்படும்.