ஸ்டூலில் ஆறும் சோறு

கேள்வி: எனக்கு 36 வயது. லயன், முத்து காமிக்ஸ் படித்து வளர்ந்தவன். கௌபாய் கதை என்றால் உயிர். அமெரிக்க கௌபாய் நாவலாசிரியர் ஜேன் கிரே பல் மருத்துவத் தொழிலையே தூக்கிப் போட்டுவிட்டு எழுத உட்கார்ந்தார், 90 புத்தகங்களுக்கு மேல் எழுதினார். அவர் வழியில் நானும் கணக்காளர் வேலையை விட்டுவிட்டு கௌபாய் நாவல்கள் எழுதுகிறேன். மூன்று மின்னூல்கள் போட்டிருக்கிறேன். மாதம் சில நூறு ரூபாய் வருகிறது, அது இணையக் கட்டணத்துக்கே சரியாகிவிடுகிறது. அப்பா இல்லை. அம்மாவின் குடும்ப ஓய்வூதியத்தில் வீடு நடக்கிறது. அம்மாவுக்கு 67 வயது, முழங்கால் வலி. நான் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு எழுதுவதால் சாப்பாட்டை வெளியே ஸ்டூலில் வைத்துவிட்டுப் போவார். பல நாள் ஆறிப்போனதைத்தான் சாப்பிடுகிறேன். அந்தத் தியாகம்கூட யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. ‘இன்னும் எத்தனை நாளைக்கு?’ என்று அம்மா கேட்டால் அன்றைக்கு எழுத்து ஓடாது. வீட்டாருக்கு எப்படிப் புரியவைப்பது? புனைபெயர் வைத்துக்கொள்ளலாமா?

பதில்: தம்பி, வீட்டாருக்குப் புரியவைப்பது இருக்கட்டும். முதலில் அந்த ஸ்டூலைப் பற்றிப் பேசுவோம்.

ஆறிப்போன சோறு உங்கள் தியாகமாம்! அதைச் சூடாக வடித்தவர் யார்? முழங்காலைப் பிடித்துக்கொண்டு அடுப்படியில் நின்று, குழம்பு ஊற்றி, கூடத்தைத் தாண்டித் தட்டை எடுத்து வருகிறார். கதவைத் தட்டினால் பிள்ளை எரிந்து விழுவானோ என்று சத்தமில்லாமல் வைத்துவிட்டுத் திரும்புகிறார். காலித் தட்டை எடுக்க இன்னொரு நடை. கழுவுவதும் அவராகத்தான் இருக்க வேண்டும். நீங்கள் கழுவியிருந்தால் அதையும் தியாகக் கணக்கில் எழுதியிருப்பீர்கள்.

இந்த மாதிரிக் கடிதங்கள் எனக்குப் புதிதில்லை. ஒருவருக்குக் குறும்படம், ஒருவருக்குக் கவிதை, ஒருவருக்கு ஐ.ஏ.எஸ். கனவு ஆளுக்கு ஆள் வேறு. உள்ளே தாழ்ப்பாள், வெளியே தட்டோடு ஒரு பெண்பிள்ளை என்பது மட்டும் எல்லாக் கடிதத்திலும் அப்படியே இருக்கிறது.

சரி, உங்கள் ஜேன் கிரே வீட்டுக்கே போவோம். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 1896இல் பட்டம் வாங்கி, நியூயார்க்கில் பல் பிடுங்கிக்கொண்டிருந்தவர். 1905இல் லீனா ராத் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். டாலி என்றுதான் அவரைக் கூப்பிடுவார். தொழிலை விட்டுவிட்டு, டெலவேர் ஆற்றில் லாக்கவாக்சன் ஆறு வந்து கலக்கும் ஊரில் ஒரு பண்ணை வீட்டில் எழுத உட்கார்ந்தபோது குடும்பத்தைத் தாங்கியது டாலிக்கு வந்த பரம்பரைப் பணம். 1907இல் அரிசோனாவுக்குப் போய்ப் பாலைவனத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தாரே, அதற்கும் அந்தப் பணம்தான் கைகொடுத்தது. வந்து எழுதிய புத்தகத்தை ஹார்ப்பர் பதிப்பகம் வேண்டாம் என்று திருப்பிவிட்டது. அதே ஹார்ப்பர் அவரை ஏற்றுக்கொண்டது 1910இல். ‘ரைடர்ஸ் ஆஃப் த பர்ப்பிள் சேஜ்’ நாவல் வந்து ஊரெல்லாம் பேர் தெரிந்தது 1912இல். கல்யாணத்துக்கும் அதற்கும் நடுவில் ஓடிய ஏழு வருஷம் உங்கள் கடிதத்தில் இல்லை. டாலியும் இல்லை.

அவர் எழுதிய விதத்தைக் கேளுங்கள். சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, குறுக்கே ஒரு பலகையைப் போட்டுக்கொண்டு பென்சிலால் எழுதித் தள்ளுவார். எழுத்துப்பிழையும் இலக்கணமும் பார்த்து, சுத்தப் பிரதி எடுப்பது டாலி. பதிப்பகத்தோடும் சினிமா ஸ்டூடியோவோடும் ஒப்பந்தம் பேசியதும் டாலி. மூன்று பிள்ளைகளை வளர்த்ததும் டாலி. 1939இல் அவர் போய்ச் சேர்ந்த பிறகும், சேர்ந்து கிடந்த கைப்பிரதிகளிலிருந்து புத்தகம் வந்துகொண்டே இருந்ததற்கும் டாலிதான் காரணம். நீங்கள் எண்ணிச் சொல்லும் 90இல் அதெல்லாமும் சேர்த்தி.

ஜேன் கிரேயைக் கும்பிடச் சொல்லவில்லை. வீட்டைப் பெண்டாட்டி தலையில் கட்டிவிட்டு மாதக்கணக்கில் மீன் பிடிக்கக் கிளம்பிவிடுவார், துணைக்கு இளம்பெண்கள் வேறு. அந்த விஷயத்தில் அவர் மேல் எனக்குத் துளி மரியாதை கிடையாது. அப்பேர்ப்பட்ட மனுஷனும் வந்த பணத்தை டாலியோடு பாதிக்குப் பாதி பிரித்துக்கொண்டார். தன் பாதியிலிருந்துதான் டாலி குடும்பச் செலவு மொத்தத்தையும் பார்த்தார் என்பது எனக்கு வயிற்றெரிச்சல்தான். இருந்தாலும் பங்கு என்று ஒன்று இருந்தது. உங்கள் மூன்று மின்னூலில் அம்மாவுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள்?

அந்த ஓய்வூதியம் உங்கள் அப்பா தன் மனைவிக்கு விட்டுப்போனது. இலக்கிய மானியம் என்று நினைத்துக்கொண்டீர்களா? 36 வயதுப் பிள்ளை சம்பாதித்து, பெற்றவளை உட்காரவைத்துச் சோறு போட வேண்டும். பழைய பஞ்சாங்கம் என்பீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள், நான் மாற்றிக்கொள்ளப் போவதில்லை.

லூயி லமூரைத் தெரியாமல் இருக்காது. அவரும் அமெரிக்க கௌபாய் கதைக்காரர்தான், 89 நாவல் எழுதியவர். அவரும் முப்பது வயது வாக்கில் ஓக்லஹோமாவில் பெற்றோர் வீட்டில் இருந்துதானே எழுதினார் என்று அடுத்த கடிதம் போடுவீர்கள். இருந்தார். 15 வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு, செத்த மாட்டின் தோலை உரித்து, சுரங்கத்தில் கிடந்து, கப்பலில் கூலிக்குப் போய், காசுக்குக் குத்துச்சண்டை போட்டுவிட்டு அப்புறம் வந்து இருந்தார். முதல் பெரிய வெற்றி வரும்போது வயது 45. நாளைக்கு ஐந்து பக்கம் என்று உட்கார்ந்தவர், சன்செட் புலவார் நடுவில் மடியில் தட்டச்சுப் பொறியை வைத்துக்கொண்டும் தன்னால் எழுத முடியும் என்பார். லாஸ் ஏஞ்சலிஸில் கார்கள் பறக்கிற சாலை அது. உங்களுக்கோ அம்மா ஒரு கேள்வி கேட்டால் அன்றைய நாளே போய்விடுகிறது. கேள்வியும் நியாயமான கேள்வி. முழுநேரம் உட்கார்ந்து மூன்று நாவல் எழுதிய உங்களிடம் அதற்குப் பதில் இல்லை, அதனால்தான் எரிச்சல் வருகிறது.

இனி ஆகவேண்டியதைப் பாருங்கள். தாழ்ப்பாளைக் கழற்றி வையுங்கள். உங்களுக்குக் கணக்கு தெரியும். பக்கத்துக் கடைகளுக்கு ஜி.எஸ்.டி. கணக்கு தாக்கல் செய்து கொடுத்தாலே மளிகைக்கு ஆகும். விடியற்காலை எழுந்து, காபி நீங்களே போட்டு அம்மாவுக்கும் ஒரு டம்ளர் கொடுத்துவிட்டு, எட்டு மணி வரை எழுதுங்கள். அதில் வராத கதை பகல் முழுக்க உட்கார்ந்தாலும் வராது. மதியம் அம்மாவோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள், தட்டு கழுவுவது உங்கள் வேலை. முழங்காலுக்கு ஒரு எலும்பு மருத்துவரிடம் இந்த வாரமே கூட்டிப்போங்கள். ‘எத்தனை நாளைக்கு?’ என்றால் ஒரு தேதி சொல்லுங்கள். அதற்குள் எழுத்தில் காசு வராவிட்டால் முழுநேர வேலைக்குப் போங்கள், காலையில் எழுதுவதை விடாமல்.

புனைபெயர் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். ஜேன் கிரேயே பெற்றோர் வைத்த பேர்ல் என்ற முதல் பெயரை விட்டுவிட்டவர்தான். ராயல்டி வந்து விழும் வங்கிக் கணக்கில் மட்டும் அம்மா பெயரும் சேர்ந்திருக்கட்டும்.